குடிபெயர்ந்த பொறிவண்டுகள்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணுக்குச் செல்லும் உயிர் எதுவாயினும், அதற்கு முதலில் எழும் கேள்வி உணவைப் பற்றியதே. பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. அரிசிச் சோற்றின் இடத்தைக் கோதுமை ரொட்டியும், நல்லெண்ணெயின் இடத்தைக் கடுகெண்ணெயும் பிடித்துக்கொண்ட குடும்பங்கள் பல உண்டு. ஆயினும் நாம் இங்குக் கூற எடுத்துக்கொண்டது மக்களின் கதையன்று. கடுகினும் சற்றே பெரியதான ஒரு பூச்சியின் வரலாறு. அப்பூச்சி பொறிவண்டு எனப்படும். பொறி என்பது புள்ளி. செந்நிற முதுகில் கரும்புள்ளிகள் கொண்டு, அரைக்கோளம் போல் கவிந்து, இலைமேல் ஊர்ந்து செல்லும் இவ்வண்டைக் காணாத சிறுவர் இல்லை. ஆனால் அது எதைத் தின்று வாழ்கிறது, அவ்வுணவு கிடையாதபோது என் செய்கிறது என்பதைக் கேட்டவர் சிலரே. அக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியில் நம் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு.

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே வெள்ளாயணி என்னும் ஊர் உள்ளது. நன்னீர் ஏரி ஒன்றை அடுத்துள்ள இவ்வூரில் 1955-ஆம் ஆண்டில் வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இன்று அது கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இப்பக்கத்து வயல்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் பயிர்கள் பலவாதல் போலவே பொறிவண்டுகளும் பலவாம். பயற்றங்கொடியின் இளந்தளிரில் கரிய அசுவினிப் பூச்சிகள் மொய்க்குமாயின், நெளிவரியும் புள்ளியும் கொண்ட கீலோமெனஸ் என்னும் பொறிவண்டு அவற்றைத் தின்ன வந்துவிடும். நெல்வயலில் புள்ளியே இல்லாத செம்மஞ்சள் நிறப் பொறிவண்டு ஒன்று வாழும். மைக்ராஸ்பிஸ் எனப்படும் அது தத்துப்பூச்சிகளைத் தின்னும். நெல் பூக்கும் பருவத்தில் மகரந்தத்தையும் உண்ணும். பூசணி இனக் கொடிகளின் இலையில் சாம்பல் நோய் படர்ந்தால், அச்சாம்பற் பூசணத்தையே மேய்கின்ற மஞ்சள் நிறப் பொறிவண்டு உண்டு. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. உழவனுக்குத் துணை நிற்பதும், உழவனுக்குப் பகையாவதும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை!

உலகில் ஏறத்தாழ 6000 வகைப் பொறிவண்டுகள் உள்ளன என்பர். இவற்றின் பொது முன்னோர், செடியோடு ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளைத் தின்று வாழ்ந்தவை என்பதே உறவுமுறையை ஆராய்ந்த விஞ்ஞானிகளின் முடிபு. அதன் பின்னர் நெடுங்காலத்தில் சில கிளைகள் அசுவினிக்கும், சில பூசணத்திற்கும், சில இலைக்கும் மாறின. இம்மாற்றம் வாயிலும் எழுதப்பட்டுள்ளது. இரை பிடித்துண்ணும் வண்டின் தாடை ஓரிரு கூரிய முனைகளோடு முடிகிறது. இலை தின்னும் வண்டின் தாடையிலோ சுரண்டுதற்கேற்ற பற்கள் பல உள்ளன. இம்மாற்றம் நிகழ எண்ணிறந்த தலைமுறைகள் வேண்டியிருந்தன. ஆனால் ஒரு வண்டை இன்று ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டு சென்றால் அது நாளைக்கே எதையாவது உண்டாக வேண்டும். அப்பொழுது நிகழ்வது யாது?

இவ்வினாவை உலகின் முன் வைத்தது கலிபோர்னியா எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் நேர்ந்த ஒரு பேரிடர். 1868-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்குப் போய்ச் சேர்ந்த பஞ்சுச் செதில்பூச்சி, இருபதாண்டிற்குள் தோட்டங்களை அழிவின் விளிம்பிற்குக் கொண்டுவந்தது. பூச்சியின் தாயகத்திலேயே அதன் பகைவனைத் தேட வேண்டும் என்று கருதிய அமெரிக்கப் பூச்சியியலார் சார்லஸ் வேலன்டைன் ரைலி, 1888-இல் ஆல்பர்ட் கோபெல் என்பவரை ஆஸ்திரேலியாவிற்கு அனுப்பினார். கோபெல் கண்டு அனுப்பிய ரொடோலியா என்னும் செந்நிறப் பொறிவண்டுகளுள் முதல் தவணைகளில் வந்தவை 129 மட்டுமே. அவற்றின் வழிவந்தவை ஓரிரண்டு ஆண்டுகளில் தோட்டங்களைக் காத்தன. இச்செய்தி உலகெங்கும் பரவியதும், எந்தப் பூச்சிக்கும் ஒரு பொறிவண்டை வரவழைத்தால் போதும் என்னும் நம்பிக்கை எழுந்தது.

அந்நம்பிக்கை தென்னிந்தியாவையும் எட்டியது. 1880-களில் இலங்கையின் காப்பிச் செடிகளைப் பச்சைச் செதில்பூச்சி பற்றியது. பின்னர் அது நம் மலைத்தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. அதனை ஒழிக்கும் நோக்கத்துடன் 1898-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூபோர்ட் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டை இந்தியாவிற்குக் கொணர்ந்தார். கருநிறச் சிறகும் செம்மஞ்சள் தலையும் கொண்ட வண்டு அது. காப்பிச் செடியில் விடப்பட்ட அவ்வண்டு பச்சைச் செதில்பூச்சியை அடக்கவில்லை. எப்பணிக்காக அழைத்து வரப்பட்டதோ அப்பணியில் தோற்றது.

ஆனால் வண்டு அழியவில்லை. தனக்கு வகுத்த உணவை ஒதுக்கிவிட்டு, இந்நாட்டில் தான் விரும்பும் உணவைத் தானே தேடிக்கொண்டது. அது மாவுப்பூச்சி. வெண்பொடி தூவினாற்போல் கிளைகளின் கணுக்களில் கூட்டமாக அடைந்து சாறு உறிஞ்சும் பூச்சிகள் இவை. கொய்யா, திராட்சை, எலுமிச்சை, செம்பருத்தி என இவை பற்றாத செடி அரிது. இவற்றை உண்டு கிரிப்டோலேமஸ் தென்னாட்டில் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் முதலியோர் இவ்வண்டைப் பெருவாரியாக வளர்க்கும் முறைகளைச் செம்மைப்படுத்தினர். முற்றிய பரங்கிக்காயின் மேல் மாவுப்பூச்சியைப் பரவவிட்டு, அக்காய்களைக் கூண்டுகளில் வைத்து வண்டுகளை உள்ளே விடுவர். சில வாரங்களில் புதிய தலைமுறை வெளிவரும். அவ்வாறு வளர்த்த வண்டுகள் காப்பித் தோட்டங்களுக்கும் சென்றன. இம்முறை பச்சைச் செதில்பூச்சிக்காக அன்று, காப்பியைப் பற்றிய மாவுப்பூச்சிக்காக. தோற்ற இடத்திற்கே அவ்வண்டு வேறு வேலையோடு திரும்பி வந்தது.

கிரிப்டோலேமஸ் ஏன் ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொண்டது? இதற்கு விடை காணப் பூச்சியியலார் உணவை இருவகையாகப் பிரித்துக் காட்டுவர். செக்கோஸ்லோவாகிய அறிஞர் ஈவோ ஹோடெக் இதனை விரிவாக விளக்கினார். ஒன்று உயிரைக் காக்கும் உணவு. மற்றொன்று வமிசத்தை வளர்க்கும் உணவு. முதல்வகையை உண்டு வளர்ந்த வண்டு பசி தீர்ந்து சிலகாலம் தரித்திருக்கும். ஆனால் முட்டையிடாது, இட்டாலும் குஞ்சுப்புழு தேறாது. இரண்டாம் வகையை உண்டால்தான் முட்டை பெருகும், புழு வளரும், இனம் நிற்கும். மகரந்தமும் தேனும் பல பொறிவண்டுகளுக்கு முதல்வகை. அசுவினியோ செதிலோ மாவுப்பூச்சியோ இரண்டாம் வகை. கிரிப்டோலேமஸ் தாய்வண்டு, மாவுப்பூச்சி தன் முட்டைகளைப் பொதிந்து வைக்கும் மெழுகுப் பஞ்சின் நடுவிலேயே தன் முட்டையை இட விரும்பும். அம்மெழுகு இழைகளே அதனை முட்டையிடத் தூண்டுகின்றன என்பது ஆய்விற் கண்டது. பச்சைச் செதில்பூச்சிக்கு அத்தகைய பஞ்சுப்பொதி கிடையாது. ஆகவே அப்பூச்சியை வண்டு கடித்துப் பார்த்திருப்பினும், தன் மக்களை அங்கு வளர்க்கத் துணியாமை வியப்பன்று.

உணவின் தரத்திற்கேற்ப வண்டின் வாழ்க்கை மாறுவதை வடநாட்டில் வாழ்வோர் தம் அருகிலேயே காணலாம். குளிர்காலத்தில் உத்தரப் பிரதேசம், ஹரியானா, இராஜஸ்தான் மாநிலங்களில் கடுகுப் பயிர் மஞ்சள் பூத்து நிற்கையில், அதன் தண்டில் அசுவினி அப்பியிருக்கும். அதனைத் தின்ன ஏழுபுள்ளிப் பொறிவண்டுகள் கூடும். இலக்னோப் பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆய்வாளர்கள் இவ்வண்டிற்கு ஆறு வகை அசுவினிகளைத் தனித்தனியே ஊட்டி வளர்த்துப் பார்த்தனர். 2003-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, கடுகு அசுவினியை உண்ட புழுக்கள் விரைவில் வளர்ந்தன. எருக்கு, அரளிச் செடிகளில் காணும் மஞ்சள் அசுவினியை உண்டவை மிகத் தாமதமாக வளர்ந்தன. எருக்கம்பாலின் நச்சு அவ்வசுவினியின் உடலிலும் சேர்ந்திருப்பதே காரணம் எனலாம். உணவு இருக்கிறது, வயிறு நிறைகிறது, ஆனால் வளர்ச்சி குன்றுகிறது.

இவ்வாறாயின், தகாத உணவைத் தொடர்ந்து உண்ணும் வண்டு ஒருநாள் அதற்குப் பழகிவிடுமா? ராணா, டிக்சன், யாரோஷிக் என்னும் மூவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவிற்கு விடை தருகிறது. இருபுள்ளிப் பொறிவண்டிற்கு அவ்வளவாக ஒவ்வாத அவரை அசுவினியை அவர்கள் ஆறு தலைமுறைகள் தொடர்ந்து ஊட்டினர். தலைமுறைதோறும் வண்டுகள் அவ்வுணவில் மேலும் மேலும் தேறின. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. முன்னர் நன்கு ஒத்துவந்த பட்டாணி அசுவினியை மீண்டும் ஊட்டியபோது, பழைய செழிப்பு அவற்றிடம் குறைந்திருந்தது. புதியதைக் கற்கையில் பழையதில் ஒரு பகுதி கைநழுவிற்று. குடிபெயர்ந்தோர் குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையின் நாவைக் கண்டவர்களுக்கு இது முற்றும் அந்நியமான செய்தியாகத் தோன்றாது.

பொறிவண்டுகள் எல்லாம் கிரிப்டோலேமஸ் போல் வளைந்து கொடுப்பவையல்ல. கலிபோர்னியாவைக் காத்த ரொடோலியா நேர்மாறான இயல்புடையது. பஞ்சுச் செதில்பூச்சியையும் அதன் நெருங்கிய இனத்தையும் தவிர வேறெதையும் அது பெரும்பாலும் தீண்டாது. 1920-களின் இறுதியில் நீலகிரியின் வாட்டில் மரங்களில் பஞ்சுச் செதில்பூச்சி காணப்பட்டபோது, இந்த ரொடோலியாவையே வெளிநாட்டிலிருந்து வருவித்து விட்டனர். அது தன் இரையை அன்றி வேறொன்றை நாடாமல் தன் பணியைச் செய்தது. பசிபிக் பெருங்கடலில் உள்ள கலபாகஸ் தீவுகளில் அரிய உயிர்கள் பல வாழ்வதால், அங்கு ரொடோலியாவை விடுமுன் அது உள்ளூர்ப் பூச்சிகளை உண்ணுமா என்று பல ஆண்டுகள் சோதித்தனர்; உண்ணாது என்று தெளிந்த பின்னரே 2002-இல் விட்டனர். உணவில் பிடிவாதம் என்பது எவ்விடத்தும் குறையன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

நம் நாட்டுப் பொறிவண்டும் வெளிநாடு சென்றதுண்டு. திருவனந்தபுரத்துத் தென்னை ஓலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்தால் சிலபோது வட்டமான சிறு செதில்பூச்சிகள் ஒட்டியிருக்கக் காணலாம். அவற்றின் நடுவே பளபளக்கும் கரிய வண்டு ஒன்று மேயும். அதன் பெயர் கைலோகோரஸ் நிக்ரிட்டா. இந்திய, இலங்கைப் பகுதிக்கு உரிய இவ்வண்டை 1930-களில் செஷல்ஸ் தீவுகளின் தென்னைக்கும், மொரீஷியசின் கரும்பிற்கும் கொண்டு சென்றனர். தமிழர் கப்பலேறிச் சென்று கரும்பு வெட்டிய அதே மொரீஷியசில், தென்னையில் வாழ்ந்த வண்டு கரும்பின் செதிலையும் தனக்கு உணவாக்கிக்கொண்டது.

எதிர்பாராத வகையில் உணவு மாற்றிய மற்றொரு வண்டு கியூரினஸ். தென்னையைத் தாக்கிய மாவுப்பூச்சிக்காக இது 1922-இல் மெக்சிகோவிலிருந்து ஹவாய்த் தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அறுபதாண்டுகள் கழித்து, 1984-இல், சூபாபுல் என்னும் சவுண்டல் மரத்தைத் தாக்கும் நுண்ணிய தாவு பூச்சி ஒன்று ஹவாயில் புகுந்தது. அதுவரை அங்கு அமைதியாக வாழ்ந்த கியூரினஸ் அப்புதுப்பூச்சியின் மேல் பாய்ந்தது. அத்தாவு பூச்சி 1988-இல் தென்னிந்தியாவிற்கும் வந்துசேரவே, அதே ஆண்டில் தாய்லாந்திலிருந்து கியூரினஸ் இந்தியாவிற்கு வரவழைக்கப்பட்டது. ஒரு வேலைக்காகக் குடியேறி, பேரன் காலத்தில் மற்றொரு வேலையில் பெயர் பெற்ற குடும்பம் போன்றது இவ்வண்டின் வரலாறு.

எனினும், எதையும் உண்ணும் இயல்பு எப்போதும் நன்மை பயக்கும் என்று எண்ணலாகாது. தமிழகத்து மேய்ச்சல் நிலங்களை அடைத்து நின்ற சப்பாத்திக் கள்ளியை ஒழித்தது, 1926-இல் இலங்கையிலிருந்து கொணர்ந்த ஒரு கள்ளிச் செதில்பூச்சி. அதே பூச்சியைத் தென்னாப்பிரிக்கரும் 1930-களில் கள்ளியை ஒழிக்க விட்டனர். அங்கோ கிரிப்டோலேமஸ் முன்னரே எலுமிச்சைத் தோட்டங்களுக்காகக் குடியேற்றப்பட்டிருந்தது. அது கள்ளிச் செதிலையும் தின்னத் தொடங்கிக் கள்ளிக்குக் காவலாயிற்று! இறுதியில், நண்பனாக அழைத்து வந்த பொறிவண்டின் தொகையைக் குறைப்பதற்கென்றே அங்குப் பூச்சிமருந்து தெளிக்க வேண்டியதாயிற்று. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் அசுவினியை அடக்கக் கொண்டுசென்ற ஹார்மோனியா என்னும் பொறிவண்டின் செய்தி இதனினும் கவலை தருவது. அசுவினி குறைந்தால் அது பிற பொறிவண்டுகளின் முட்டையையும் புழுவையும் தின்னும். 2004-இல் அது பிரிட்டனை அடைந்த பின்னர், அந்நாட்டின் இருபுள்ளிப் பொறிவண்டு பெரிதும் அருகிவிட்டது.

இனித் திருவனந்தபுரத்திற்குத் திரும்புவோம். இங்கு மரச்சீனி என்றும், தமிழகத்தில் மரவள்ளி என்றும் கூறப்படும் கிழங்கு தென்னமெரிக்காவில் பிறந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா மன்னர் இதனைப் பரப்புவதில் பெருமுயற்சி எடுத்தார். ஏழைமக்களின் பசி தீர்த்த உணவாக அது நிலைத்தது. 1963-இல் நகரின் ஸ்ரீகாரியம் பகுதியில் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. இக்கிழங்குச் செடிக்கு அண்மையில் இரு பகைகள் வந்தன. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதல் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி விரைவில் கேரளத்திலும் பரவிப் பப்பாளியோடு மரச்சீனியையும் தாக்கியது. 2020-இல் மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. கிரிப்டோலேமஸ் முதலிய உள்ளூர்ப் பொறிவண்டுகள் புதிய மாவுப்பூச்சியை உண்ணத் தயங்கவில்லை. ஆயினும் பெருகிவரும் வெள்ளத்தை அவற்றால் மட்டும் தடுக்க இயலவில்லை. பப்பாளி மாவுப்பூச்சியை மட்டுமே நாடும் நுண்ணிய குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-இல் வருவித்த பின்னரே அது அடங்கிற்று. மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் அவ்வாறே ஒரு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் வருவித்து, அடுத்த ஆண்டு வயல்களில் விட்டனர்.

இதனால் அறியத்தக்கது யாது? பலவற்றை உண்ணும் பொறிவண்டு, புதுப்பகை வந்த முதல்நாளே களத்தில் நிற்கும். பகை குறைந்த நாளிலும் வேறொன்றை உண்டு அவ்விடத்திலேயே காத்திருக்கும். ஒன்றையே உண்ணும் பூச்சி பின்னரே வரும். ஆனால் வந்தால் முடித்துவிடும். இருவகையும் நமக்கு வேண்டும். எவ்வகையாயினும், அது இந்நிலத்தில் வேரூன்றிவிட்டதா என்று அறிய வேண்டுவோர் பார்க்க வேண்டியது வண்டையன்று, அதன் புழுவை. வண்டு எதையேனும் தின்று பிழைத்திருக்கும். புழு வளருமாயின்தான் அம்மண் அதற்குச் சொந்த மண்ணாகும்.

இப்புழுவைப் பற்றி நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் மாடியிலும் பலகணியிலும் தொட்டி வைத்துக் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வளர்க்கும் நம்மவர் பலர். செம்பருத்தியில் வெண்மையாக எது தென்பட்டாலும் உடனே மருந்து தெளிப்பது வழக்கம். கிரிப்டோலேமசின் புழுவோ தன் இரையைப் போலவே வெண்மெழுகு இழைகளைப் போர்த்திருக்கும். மாவுப்பூச்சி என்று கருதி அதனை அழித்தவர் எண்ணற்றோர். இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. மாவுப்பூச்சி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஒட்டிக் கிடக்கும். குச்சியால் தொட்டாலும் மெல்லவே நகரும். பொறிவண்டின் புழு அதனினும் பெரியது. மெழுகு இழைகள் நீண்டு தொங்கும். தொட்டால் சுறுசுறுப்பாக ஓடும். கறிவேப்பிலைத் தளிரில் காணும் தாவு பூச்சிகளைத் தின்ன வரும் கீலோமெனஸ் புழு, சாம்பல் நிறமும் வெளிர்ப்புள்ளிகளும் கொண்டு சிறு முதலை போல் நீண்டிருக்கும். பார்ப்பதற்கு அழகற்றதாயினும் அதுவே நாளைய பொறிவண்டு. ஓடுகின்ற புழுவைக் கண்டால் மருந்துக்குப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுத்திருத்தல் நன்று. செடியைக் காக்கும் வேலையை அப்புழு செய்யும்.